தவிட்டுக்குள் ஒரு தீத்தடுப்பான்

2014 நவம்பர் 25, விடியாத நேரம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் டாக்லாண்ட்ஸ் பகுதியில் லாக்ரோஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. எட்டாவது மாடி பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்ட சிகரெட் துண்டு சரியாக அணையவில்லை. அதில் பிடித்த தீ சுமார் 11 நிமிடங்களில் 21ஆவது மாடியைக் கடந்து உச்சிக்குப் போய்விட்டது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். யாரும் சாகவில்லை என்பது பெரிய அதிர்ஷ்டம்.

தீ வீடு வீடாகத் தாவி ஏறவில்லை. வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறியது. நம்மூர்க் கடைகளின் முகப்பில் பளபளக்கும் ஏசிபி ஷீட் வகைதான் அங்கே ஒட்டியிருந்தது: மேலும் கீழும் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவே பாலிஎத்திலீன். 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 உயிர்களைக் குடித்த தீக்கும் இதே வகைப் பலகைதான் ஏணியாக இருந்தது. அதன் பிறகே அரசுகள் விழித்தன. நடுப்பகுதியில் பாலிஎத்திலீன் 30 சதவீதத்துக்கு மேல் உள்ள பலகைகளை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2018 ஆகஸ்டில் தடை செய்தது. ஆபத்தான சுவர்களைச் சீர்செய்ய விக்டோரியா மாநிலம் 2019இல் 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியது.

பிளாஸ்டிக் ஏன் இப்படிப் பற்றுகிறது? உண்மையில் கட்டியாக இருக்கும் பிளாஸ்டிக் எரிவதே இல்லை. சூட்டில் அதன் நீண்ட மூலக்கூறுகள் அறுந்து ஆவியாகின்றன. எரிவது அந்த ஆவி. அது எரியும் சூடு இன்னும் கொஞ்சம் பிளாஸ்டிக்கை ஆவியாக்கும். இந்தச் சுழற்சியை எங்காவது வெட்டிவிட்டால் தீ நின்றுவிடும். வெட்ட இரண்டு இடங்கள் உண்டு: மேலே சுடரில், அல்லது கீழே பொருளில்.

சுடரில் வெட்டுவது புரோமின். தீயைத் தொடர்ந்து நடத்தும் ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் துணுக்குகளைப் புரோமின் பிடித்து முடக்கிவிடும். மலிவு, கொஞ்சம் போட்டாலே போதும். அதனால் டிவி பெட்டி, சோபா மெத்தை, கணினி என்று எங்கும் நுழைந்தது. ஆனால் பல புரோமின் சேர்மங்கள் பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பில் இல்லை. சும்மா கலந்து கிடப்பவை. மெல்லக் கசிந்து வீட்டுத் தூசியில் சேர்ந்தன, அங்கிருந்து மனித உடலுக்கு வந்தன. சுவீடனில் சேமித்து வைத்திருந்த தாய்ப்பால் மாதிரிகளைச் சோதித்தபோது, 1970களிலிருந்து 90கள்வரை அவற்றின் அளவு ஏறிக்கொண்டே போனது தெரிந்தது. நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009, 2013, 2017 ஆண்டுகளில் ஒவ்வொரு வகையாக ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தது. தீயிலிருந்து காக்கப் போட்ட பொருள் குழந்தையின் வாய்க்கே வந்து சேர்ந்ததை எந்த வியாபாரக் கணக்கும் நியாயப்படுத்தாது.

கீழே வெட்டும் வழியில்தான் செடிகள் வருகின்றன. பொருள் ஆவியாகாமல் கரியாகிவிட்டால் சுடருக்குத் தீனி இல்லை; கரிப்படலம் உள்ளிருப்பதையும் காக்கும். இதைச் செய்விப்பதில் பாஸ்பரஸ் கெட்டிக்காரன். சூட்டில் பாஸ்பாரிக் அமிலமாக மாறி, பக்கத்திலுள்ள பொருளிலிருந்து நீரைப் பிடுங்கிக் கார்பனை மட்டும் விட்டுவைக்கும். செடிகள் விதைகளில் பாஸ்பரஸைச் சேமிக்கும் வடிவம் ஃபைட்டிக் அமிலம். அதன் எடையில் 28 சதவீதம் பாஸ்பரஸ். அரிசித் தவிட்டிலும் கோதுமைத் தவிட்டிலும் நிறைய இருக்கிறது. இரும்பு, துத்தநாகச் சத்துகளை உடலில் சேரவிடாமல் தடுப்பதாக ஊட்டச்சத்து நிபுணர்களிடம் காலமெல்லாம் திட்டு வாங்கிய அமிலம் இது. அதோடு கரி தர மரத்திலுள்ள லிக்னினோ மாவுச்சத்தோ, வாயு தர நைட்ரஜன் உள்ள ஒரு பொருளும் சேர்ந்தால், சூடு பட்டதும் கரி நுரைத்துப் பொங்கி எழும். தீபாவளிப் பாம்பு மாத்திரையைக் கொளுத்தினால் நெளிந்து எழுமே, ஏறக்குறைய அந்தக் காட்சிதான்.

அமெரிக்காவில் சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பாப் ஹோவெல் குழு காலிக் அமிலத்தை எடுத்துக்கொண்டது. கடுக்காயிலும் நெல்லியிலும் உள்ள அதே துவர்ப்புக் குடும்பம். அதில் பாஸ்பரஸைக் கோத்து எபாக்சி என்ற பிசினில் கலந்து சோதித்தார்கள். மும்பையிலுள்ள மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தினர் வாழைத்தண்டுச் சாற்றில் பருத்தித் துணியை நனைத்தே தீ எதிர்ப்பைக் கூட்டிக் காட்டினார்கள். மெல்பர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகம் இன்னொரு கோணத்தில் போனது: வெல்லப்பாகுக் கழிவில் பூஞ்சை வளர்த்து, அதன் நூலிழைகளை மெல்லிய தாளாக்கியது. தீ பட்டால் அது கரிக்கவசமாகிறது. பூஞ்சை செடி அல்ல என்றாலும், கட்டட மேலுறைக்கு நேராகக் குறிவைத்த முயற்சி என்பதால் எனக்குப் பிடித்தது இதுதான்.

அந்தத் துவர்ப்புக் குடும்பத்தைச் சேர்ந்த டானின் பட்டையில் நிறைந்த கருஞ்சீகை மரம் சிட்னி, மெல்பர்ன் வட்டாரங்களின் சொந்த மரம். 19ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, சோலைகளையும் புல்வெளிகளையும் விழுங்கிக்கொண்டிருப்பதும் அதுவே. அகற்றும் மரங்களின் பட்டைக்குத் தீத்தடுப்பானாகவும் ஒரு வேலை கொடுத்துப் பார்க்கலாம்.

செடிவழித் தீத்தடுப்பான்களில் சிக்கல்களும் உண்டு. புரோமின் போலச் சிறிதளவு போதாது. கூடுதலாகக் கலந்தால் பிளாஸ்டிக் நொறுங்கும். ஃபைட்டிக் அமிலம் தண்ணீரில் கரையும், மழையில் கழுவிப் போகும். லிக்னின் எதையும் பழுப்பாக்கிவிடும். 'தாவர' தீத்தடுப்பான்கள் பலவற்றில் கோக்கப்படும் பாஸ்பரஸ் சுரங்கப் பாறையிலிருந்துதான் வருகிறது. அந்தப் பாதியைப் பசுமை என்று விற்கக் கூடாது. செடியிலிருந்து வந்ததாலேயே நஞ்சில்லை என்றும் ஆகிவிடாது. எரியும்போது வரும் புகையையும் தூசியில் கசிவதையும் புரோமினுக்குச் செய்யத் தவறிய கண்டிப்போடு முன்கூட்டியே சோதிக்க வேண்டும்.

பாலிஎத்திலீனின் பிடிவாதம் வேறு. அது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. தானாகக் கரியாகத் தெரியாது. ஆகவே இன்று உயரமான சுவருக்குப் பாறைதான் ஜெயிக்கிறது: நடுப்பகுதியில் சுமார் 70 சதவீதம் கனிமத்தூள் நிரப்பிய பலகைகள், அல்லது எரியவே எரியாத பொருள்கள். செடிகள் முதலில் வேலைக்குப் போக வேண்டிய இடம் மின்சாதனப் பெட்டிகளும் எபாக்சியும் துணியும்தான். குழந்தை தொடும் பொருள்களிலிருந்து புரோமினை வெளியேற்றினாலே இந்த ஆராய்ச்சிக்குச் செலவழித்த பணம் வீண் அல்ல.