தேடிச் சென்ற வைத்தியர்

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என நான்காக வகுத்தார். நான்கனுள் நோயாளியே முன் நிற்கிறான். அவ்வைப்புமுறையின் நயத்தை முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்கு உரைத்துவந்த யான், அதனை வாழ்ந்து காட்டிய ஒருவரைப் பற்றி அண்மையிலேதான் படித்தறிந்தேன்.

அவர் யூலியன் ரியூடர் ஹார்ட். 1927இல் இலண்டனிற் பிறந்தவர். 1961 தொடக்கம் தென் வேல்ஸில் கிளின்கோரூக் என்னும் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்திற் குடும்ப வைத்தியராக விளங்கினார். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர் அது. நோயென்று வருவோரைப் பார்த்தனுப்புவதோடு தம் கடமை முடிந்ததென அவர் எண்ணினாரல்லர். உயர் இரத்த அமுக்கம் பெரும்பாலும் வலியின்றி உள்ளிருந்தே கேடு செய்வது. வலி இல்லாதவன் வைத்தியரிடம் வாரான். ஆகவே, 1968இல் ஊரிலுள்ள வளர்ந்தோர் அனைவரதும் அமுக்கத்தை அளக்கத் தொடங்கினார், வாராதாரையும் விட்டாரல்லர். நோயாளியை ஏவற்படி நடப்பவனாகவன்றி, நலத்தை ஆக்குவதிற் பங்காளியாகவே கொண்டார். அவரது 25 ஆண்டுப் பணியின் பயன் 1991இல் வெளியானது. 65 வயதுக்கு முன் நேரும் இறப்பு, அயற்கிராமத்திலும் பார்க்க அங்கு 28 வீதம் குறைந்திருந்தது.

1971இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் அவர் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். நல்ல வைத்தியம் எவர்க்கு மிகத் தேவையோ அவர்க்கே அரிதாகின்றது. தேவை குறைந்தோர்க்கோ எளிதிற் கிட்டுகின்றது. பராமரிப்பின் தலைகீழ் விதி என்று இதனை அவர் வழங்கினார்.

இதனைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. முன்வாங்கிலிருந்து வினாவெழுப்பும் மாணவனுக்கே என் தமிழை வாரி வழங்கினேன். பின்வாங்கில் வாய்திறவாது இருந்த ஒருவன், தவணை நடுவே வராது நின்றான். இடாப்பில் அவன் பெயருக்கு நேரே சிவப்புக் கோடிட்டேன். அவன் வீடு ஒரு கட்டைத் தொலைவுதான், சென்று பார்த்தேனல்லேன். ஆண்டுகள் பல கழிந்தபின் அவனைச் சந்தையில் மூட்டை சுமக்கக் கண்டேன். சுமையை இறக்கி வைத்துவிட்டு, “ஐயா, சுகமாயிருக்கிறீர்களோ?” என்று கேட்டான். யான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அவ்வைத்தியர் 2018 யூலையில் மறைந்தார். இப்பொழுது இடாப்புக் கூப்பிடுகையில், மறுமொழி வாராத பெயரிடத்து என் நா சற்றே நிற்கிறது. மாலையில் அவ்வீட்டுப் படலையைச் சென்று தட்டுகிறேன்.