மீன் தொட்டியில் காடியும் உப்பும்

மொட்டைமாடியில் 1,000 லிட்டர் தொட்டியொன்றில் ஜிலேபி மீன் வளர்கிறது. அந்நீர் கூழாங்கல் பரப்பிய பாத்தி வழியே ஓடிக் கீரைக்கும் தக்காளிக்கும் ஊட்டம் தந்து, மீண்டும் தொட்டிக்கே திரும்புகிறது. வயலில் மிகுந்த உப்பை மழை கழுவிச் செல்லும். இச்சுழற்சிக்கோ வடிகால் இல்லை. இட்ட உப்பைச் செடியோ மீனோ உண்டாலன்றி, அது நீரைவிட்டு அகலாது. அக்குவாபோனிக்ஸ் முறையில் காடியையும் உப்பையும் ஆள விரும்புவோர் முதலில் மனங்கொள்ள வேண்டியது இதுவே.

மீன் செவுள்வழி வெளியேற்றும் அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாகவும், பிறிதொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. செடி விரும்பி உண்ணும் தழைச்சத்து நைட்ரேட்டே. ஆயினும் இம்மாற்றம் நிகழுந்தோறும் நீரில் காடி பிறக்கிறது. அம்மோனியாவிலுள்ள 1 கிராம் தழைச்சத்து மாறுவதற்குள் ஏறத்தாழ 7 கிராம் சுண்ணாம்புக்கல்லுக்கு ஈடான காரம் செலவாகிவிடும். நீரில் அக்கார இருப்பு உள்ளவரை, காடி மிகுந்தால் இறங்கும் எண்ணாகிய பி.எச். அளவு பெரிதும் அசையாது. தீர்ந்தபின் விரைந்து சரியும். குதிரில் நெல் குறைவதை வெளியே நிற்பவர் அறியார், பி.எச். ஒன்றையே பார்ப்பவர் நிலையும் அதுதான். ஆகவே கார இருப்பையும் அளந்து, லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே இறங்காமல் காப்பது நன்று.

மீன், நுண்ணுயிரி, செடி ஆகிய மூன்று உயிர்க்கூட்டங்களுக்கும் ஒரே பி.எச். அளவு உவப்பன்று. நுண்ணுயிரிகள் 7-க்கு மேலே செழிக்கும். 6-க்குக் கீழே சோர்ந்துவிடும். செடிகளோ 6-ஐ ஒட்டிய நீரில் இரும்புச் சத்தையும் மணிச்சத்தையும் எளிதில் ஈர்க்கும். 6.8 முதல் 7.0 வரை என்பது எல்லாரும் பொறுத்துக்கொள்ளும் இடைநிலை. கரிபியன் கடலின் செயின்ட் குரோய் தீவில், வெர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் இம்முறையை வளர்த்தெடுத்த ஜேம்ஸ் ரகோசி 7.0-ஐ ஒட்டியே நீரை வைத்திருந்தார். சரியும் பி.எச். அளவை நிமிர்த்த அவர் நீற்றிய சுண்ணாம்பையும் பொட்டாசியம் ஐதராக்சைடையும் மாற்றி மாற்றி இட்டார். ஒன்றில் சுண்ணச் சத்து. மற்றொன்றில் சாம்பல் சத்து. மீன் தீவனத்தில் செடிக்குப் போதாதவற்றுள் இவ்விரண்டும் அடங்கும். மருந்தையே உணவாக்கிய அந்நுட்பத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வீட்டில் பொட்டாசியம் ஐதராக்சைடைக் கையாள்வது ஏதம் மிக்கது, தோலை அரிக்கும். பொட்டாசியம் பைகார்பனேட் அதற்கு ஏற்ற மாற்று. துணிப்பையில் கட்டித் தொங்கவிட்ட கிளிஞ்சலும் உதவும். காடி மிகும்போது விரைந்து கரைந்து, குறையும்போது தானே அடங்கும். ஆப்பசோடா மட்டும் வேண்டா. அதன் எடையில் நூற்றுக்கு 27 பங்கு சோடியம். காரத்தை ஒருமுறை தந்துவிட்டு, சோடியத்தை நிலையாக விட்டுப்போகும்.

நிமிர்த்துவதிலும் விரைவு கூடாது. பி.எச். 7 அளவில், 25 பாகை வெப்பத்தில், அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே மீனைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8-இல் அது ஐந்து பங்கைத் தாண்டும். 6-க்குக் கீழே சரிந்து, நுண்ணுயிரிகள் சோர்ந்து, அம்மோனியா குவிந்திருக்கும் தொட்டியில் பதறிப்போய்க் காரத்தைக் கொட்டினால், அதுவரை அடங்கிக் கிடந்த நஞ்சு அன்றே எழும். நாளொன்றுக்குச் சிறிதாக, பல நாள் பரப்பி உயர்த்துக.

உப்புக்கு வருவோம். புதுத் தொட்டியில் நைட்ரைட்டு மிகும்போது அது செவுள்வழி நுழைந்து, குருதியைப் பழுப்பாக்கி, உயிர்வளி ஏந்தும் ஆற்றலைக் கெடுக்கும். நீரிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டின் வழியை மறிப்பதால், மீன் வளர்ப்போர் கல்லுப்பு இடுவது நெடுநாள் வழக்கம். ஆனால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரைடு பெற 1,000 லிட்டரில் 165 கிராம் உப்பு இட்டால், சோடியமும் லிட்டருக்கு 65 மில்லிகிராம் ஏறிவிடும். ரகோசி வகுத்த வரம்போ 50. அதற்குமேல் சோடியம் வேரின் வாயிலில் சாம்பல் சத்தையும் சுண்ணச் சத்தையும் தடுக்கும். குளோரைடு தேவையெனில் கால்சியம் குளோரைடு இடுவதே தக்கது. ஒட்டுண்ணி பற்றிய மீனுக்கு உப்புக் குளியல் வேண்டுமாயின், தனி வாளியில் தருக. அந்நீரைத் தொட்டியில் ஊற்றற்க.

கேட்டின் ஊற்று பெரும்பாலும் கிணற்றிலேயே உள்ளது. கடற்கரையோர ஆழ்துளைக் கிணற்று நீரை நாள்தோறும் குறைவதை ஈடுசெய்ய ஊற்றினால், ஆவியாவது நீர், தங்குவது உப்பு. நீரில் கரைந்தவற்றின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் கருவியின் எண்ணோ செடி உண்ணும் நைட்ரேட்டையும் உண்ணாத சோடியத்தையும் பிரித்துச் சொல்லாது. மழைநீரைச் சேமித்து ஊற்றுவது சிறந்த தீர்வு. ஆனால் மழைநீரில் கார இருப்பு இல்லையென்பதால், அதை நம்பும் தொட்டிக்குக் கிளிஞ்சல் பை கட்டாயம். கடின நீர் உள்ள வீட்டில் நேர்மாறு: பி.எச். இறங்காமையே அங்குச் சிக்கல். ஆகவே பாத்திக்குக் கல் வாங்குமுன் ஒரு கல்லின்மேல் வினிகர் விட்டுப் பார்க்கவும். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல்; பி.எச். அளவை 7-க்கு மேலேயே நிறுத்திவிடும்.

உப்பு ஏற்கெனவே மிகுந்துவிட்டதெனில் மருந்தில்லை. நீரில் ஒரு பகுதியை நாள் இடைவெளி விட்டு இறைத்து, மழைநீரால் நிரப்ப வேண்டியதுதான். இறைத்த நீரை உவர் தாங்கும் தென்னைக்குப் பாய்ச்சலாம். பீன்ஸ் பாத்திக்குப் பாய்ச்சலாகாது.