டாப்பைத் திறந்தால் மழை

நீளம் 225 அங்குலம். பத்தொன்பது அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. எடை இரண்டு டன்னுக்கு மேல். 1959-ல் வந்த காடிலாக் கன்வர்டிபிளின் அளவு இது. கூடலூர் ரோடும் பந்தலூர் ரோடும் வழிக்கடவு இறக்கமும் கூடுகிற நம் நீலகிரி நாடுகாணி முக்கில் அந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். குண்டல்பேட்டையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு மலப்புறம் போகிற லாரிக்காரர் முதலில் ஹாரன் அடிப்பார். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, திட்டிக்கொண்டே முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் போவார். ஐம்பதுகளின் அமெரிக்கத் திறந்த கார்களுக்கு வேண்டியதும் அந்தப் பார்வைதான்.

அந்தப் பார்வையைக் கணக்குப் போட்டு வாங்கியவர் ஹார்லி ஏர்ல். லாஸ் ஏஞ்சலிஸில் சினிமா நட்சத்திரங்களுக்குத் தனி பாடி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த ஆள். 1927-ல் காடிலாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அவருக்கென்றே ஒரு வடிவமைப்புப் பிரிவைத் தொடங்கியது. காரை முதலில் முழு அளவில் களிமண்ணில் பிடித்துப் பார்க்கும் பழக்கத்தை வேரூன்றச் செய்தவர் அவர்தான். இன்னும் நீளமாக, இன்னும் தாழ்வாக என்பதே அவருடைய ஒரே பாட்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து லாக்ஹீட் பி-38 போர் விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்து அவரும் அவருடைய ஆட்களும் மயங்கிப்போனார்கள். அந்த மயக்கம்தான் 1948 காடிலாக்கின் பின்பக்கம் சின்னத் துடுப்பாக முளைத்தது. 1953-ல் எல்டொராடோ கன்வர்டிபிள் வந்தது. முன்கண்ணாடி பக்கவாட்டில் வளைந்து கதவுவரை வந்தது. அந்த வருஷம் செய்தது மொத்தம் 532 வண்டிகள்தான். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் பதவியேற்பு ஊர்வலத்தில் நின்றபடி கையசைத்தது அதில் ஒன்றில்தான். டாப்பு இருந்திருந்தால் அந்தக் காட்சி ஏது?

பிறகு போட்டி முற்றியது. கிரைஸ்லரில் வர்ஜில் எக்ஸ்னர் 1957 மாடல்களுக்கு உயரமான துடுப்பு வைத்தார். அந்தப் புது வண்டிகள் வெளிவருமுன்பே, கிரைஸ்லரின் வேலிக்கு அந்தப்பக்கம் வரிசையாக நின்றதை ஜெனரல் மோட்டார்ஸின் இளம் வடிவமைப்பாளர் ஒருவர் பார்த்துவிட்டார். ஏற்கெனவே வரைந்து வைத்ததை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு அவர்கள் புதிதாகத் தொடங்கியதன் விளைவுதான் 1959 காடிலாக். ராக்கெட்போல நிமிர்ந்த வால், அதில் ஜோடி ஜோடியாகச் சிவப்பு விளக்குக் குமிழ்கள். எனக்கு அது கல்யாண மண்டபத்து சீரியல் விளக்கு ரகம். அழகு அதற்கு இரண்டு வருஷம் முன்பே முடிந்துவிட்டது.

1957 செவர்லெட் பெல் ஏர் அப்படியில்லை. ஹெட்லைட்டில் கிளம்பும் கோடு கதவைத் தாண்டிப் பின்பக்கம் போய், ஒரு முக்கோண அலுமினியத் தகட்டில் முடிகிறது. துடுப்பு உண்டு, ஆனால் அளவோடு. பெட்ரோல் ஊற்றும் வாயைத் தேடினால் சட்டென்று கிடைக்காது. இடதுபக்கத் துடுப்பின் குரோம் பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். வெள்ளை வளையம் போட்ட டயர். டாப்பை மடித்துவிட்டால் கண்ணுக்குத் தடையே இல்லாமல் முன்னிருந்து பின்வரை ஒரே ஓட்டம். இந்த வண்டிகளின் மூடிய மாடலையும் திறந்த மாடலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கூரையைப் பிறகு சேர்த்ததுபோலவே தோன்றும்.

அந்தக் கூரை இயங்கும் விதம் தனி வேடிக்கை. முன்கண்ணாடிச் சட்டத்தில் இருக்கும் இரண்டு கொக்கியைக் கையால் கழற்ற வேண்டும். பிறகு சுவிட்சைத் தட்டினால் பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு மோட்டார் உறுமும். அது எண்ணெயை அழுத்த, இரண்டு சிலிண்டர் தண்டுகள் இரும்புச் சட்டத்தை மடக்கும். துணி மடிந்து பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதன்மேல் ஒரு உறையைப் போர்த்திப் பட்டன் மாட்டவேண்டியது நம் வேலை. ஃபோர்டு இதிலும் ஒரு படி மேலே போனது. 1957-ல் வந்த ஸ்கைலைனரில் துணி இல்லை, தகரக் கூரையே மடங்கி டிக்கிக்குள் போகும். அதற்கு ஏழு மோட்டார், 610 அடி வயர். பெட்டி வைக்க இடம் கேட்காதீர்கள்.

இதை எல்லாம் நம் மலைக்குக் கொண்டுவந்தால்? தென்மேற்குப் பருவமழை தமிழ்நாட்டிலேயே அதிகம் கொட்டும் இடங்களில் ஒன்றான தேவாலா, நாடுகாணிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜூனில் பிடித்தால் ஆகஸ்ட் வரை விடாத மழையில் துணி டாப்பு பூஞ்சை பிடிக்கும். பின்பக்கத்து பிளாஸ்டிக் கண்ணாடி மங்கும். டாப்பு மடியும் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, தரைத் தகடு சத்தமில்லாமல் துருப்பிடிக்கும். கூரை போனதால் குறைந்த பலத்தை ஈடுகட்ட அடிச்சட்டத்தில் கூடுதல் இரும்பு வைத்திருப்பார்கள். அந்தக் கனமும் சேர்ந்துதான் இறக்கத்தில் தள்ளும். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். செவர்லெட்டின் பவர்கிளைட் ஆட்டோமேட்டிக்கில் முன்னோக்கி ஓட இரண்டே கியர். வழிக்கடவு இறக்கத்தில் நம் டிரைவர்கள் செகண்டில் போட்டு இன்ஜினை வைத்தே வண்டியைப் பிடித்துக்கொள்வார்கள். இதில் அந்த வசதி சொற்பம். பாதி இறக்கத்திலேயே பிரேக் லைனிங் தீயும் வாடை வரும். போதாததற்கு ஸ்டியரிங் இடதுபக்கம். நம் ரோட்டில் அப்படி உட்கார்ந்தால் லாரியை முந்தும்போது எதிரே வருவது தெரியாது.

இந்தியாவில் இந்த வண்டிகள் அபூர்வமாகப்போனதற்குக் காரணம் மலையல்ல, அரசாங்கக் கொள்கை. வெளிநாட்டு உதிரிகளைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பதை நிறுத்து, இங்கேயே உற்பத்தி செய் என்று டெல்லி சொன்னதும், 1954-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் ஆலையை மூடிவிட்டுப் போனது. பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த டாட்ஜும் பிளிமத்தும் டிசோட்டோவும் நமக்குக் கிடைத்தன. எல்லாம் குடும்பத்தோடு போகிற மூடிய வண்டிகள். பெட்ரோல் விலை ஏற ஏற அவற்றில் பலவற்றின் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் வைத்தார்கள். டாக்ஸியாக ஓடி, கல்யாண ஊர்வலம் போய், கடைசியில் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. திறந்த மாடல் என்றால் ராஜா வீட்டில், தூதரக அதிகாரியிடம், அல்லது அவரிடமிருந்து வாங்கிய சினிமாக்காரரிடம்.

ஆக, நம்மில் பெரும்பாலோர் அதைப் பார்த்தது திரையில்தான். சினிமாவுக்குத் திறந்த கார் மீது இருந்த காதலுக்கு ஒரு தொழில் காரணமும் உண்டு. கூரை இல்லாவிட்டால் விளக்கு வெளிச்சம் நாயகி முகத்தில் நேராக விழும், கேமராவை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஸ்டூடியோவுக்குள் வண்டியை நிறுத்தி, பின்னால் திரையில் மலைப்பாதையை ஓடவிட்டு, ஃபேனைப் போட்டுக் கூந்தலைப் பறக்கவிட்டால் ஊட்டி ரெடி. அன்றைய படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை என்பதால், அமெரிக்கர்கள் குழைத்துக் குழைத்துப் பூசிய இளநீலமும் ரோஸும் நமக்குச் சாம்பலாகவே வந்து சேர்ந்தன. குரோம் மட்டும் மின்னியது.

அமெரிக்காவிலிருந்து இந்த மலைக்கு நிஜமாகவே வந்து தங்கிய திறந்த வண்டி வேறு. ஜீப். மகிந்திரா நிறுவனம் நாற்பதுகளின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. அதன் வாரிசுகள் இன்றும் பந்தலூர், கூடலூர் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ஆளும் மூட்டையுமாக ஏறி இறங்குகின்றன. அதற்கும் துணி டாப்புதான். கிழிந்தால் குஷன் கடையில் படுதா தைத்துக்கொள்ளலாம், மோட்டாரும் வேண்டாம், வயரும் வேண்டாம். சரிவான முன்கண்ணாடி இல்லை, துடுப்பு இல்லை, யாரும் அதை வடிவமைப்பு என்று கொண்டாடியதும் இல்லை.

பழைய கார்களை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கோவை அவிநாசி ரோட்டில் 2015 முதல் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது, சென்னையில் ஏவி.எம். ஸ்டூடியோ வளாகத்தில் 2023-ல் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது. ஊட்டியில் கோடை சீசனில் பழைய கார் அணிவகுப்பும் நடப்பதுண்டு. யாராவது அதற்கு ஒரு பெல் ஏர் கன்வர்டிபிளைக் கொண்டுவருவதாக இருந்தால், லாரியில் ஏற்றிக் கொண்டுவரட்டும். மே மாதத்தோடு இறக்கியும் விடட்டும்.