மூக்குப்பேணி மீண்டும் மேசைக்கு வருகின்றது

வீட்டுக் கோடியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த பித்தளைச் சாமான்கள் இப்பொழுது வரவேற்பறைக்கு வந்துவிட்டன. மேற்குச் சிட்னியில் செவன் ஹில்சிலும், அதே புகையிரதப் பாதையிலுள்ள துங்காபி, பெண்டில் ஹில், வென்ற்வேர்த்வில் ஆகிய இடங்களிலும் எம்மவர் இல்லங்களில் வைபவம் ஒன்று நடந்தால், வாசலில் நிறைகுடத்தின் அருகே ஒரு பழைய பன்னீர்ச் செம்போ வெற்றிலைத் தட்டமோ இடம்பிடிக்கின்றது. அம்மம்மாவின் கூறைச்சேலையைப் பேத்தி கேட்டு வாங்கி உடுக்கின்றாள். பழசு என்று ஒதுக்கிய காலம் போய், பழசு என்பதற்காகவே தேடுகின்ற காலம் வந்திருக்கின்றது.

இந்த நாட்டவர் இதனை 'விண்டேஜ்' என்பர். முதலில் அச்சொல் திராட்சை அறுவடையையும், எந்த ஆண்டின் அறுவடையிலிருந்து வைன் வடிக்கப்பட்டது என்பதையுமே குறித்தது. பின்னரே உடைக்கும் தளபாடத்திற்கும் பாத்திரத்திற்கும் அது பரவியது. வின்னீஸ், சல்வோஸ் போன்ற தருமக் கடைகளிலே இன்று இளைஞர்கள் பழைய மேலங்கிகளையும் கண்ணாடிப் பாத்திரங்களையும் ஆவலோடு தேடுகின்றனர். 'ஒப் ஷொப்' என்று இங்கு சுருக்கமாக அழைக்கப்படும் அக்கடைகள் எம்மவருக்கு நாகரிகத்தின் வழியாக அறிமுகமானவை அல்ல. வந்திறங்கிய முதலாவது குளிர்காலத்தில் ஒரு கம்பளிச் சட்டையையும் நாலு பீங்கான் கோப்பையையும் தேடிச் சென்ற இடங்கள் அவை. அன்று தேவையாக இருந்தது இன்று நாகரிகமாகியிருக்கின்றது.

ஆயினும் எமக்கும் இந்த நாட்டவருக்கும் இவ்விடயத்தில் ஒரு வேறுபாடு உண்டு. அவர்களிற் பலருக்குப் பாட்டியின் தேநீர்க் கோப்பை வீட்டு அலுமாரியிலேயே இருக்கும். எமது அலுமாரிகள் எங்கே? 1983 யூலையில் தென்னிலங்கையில் வீடுகளோடு எரிந்தவை சில. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது கைவிடப்பட்டவை பல. 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறியோர் கையிற் கொண்டுவந்தது பெரும்பாலும் ஒரு பை மாத்திரமே. படகேறி வந்தவரிடம் அதுவும் இல்லை. ஆகவே எம்மிற் பலருக்குப் பழம்பொருள் என்பது பரம்பரையாக வந்த சொத்து அல்ல. பின்னர் தேடி வாங்கியது. யாரோ ஒருவர் வீட்டுச் செம்பு எங்கள் வீட்டுச் செம்பு ஆகுமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆகும். புழக்கத்தினாலே அது எமதாகும். ஆனால் வாங்குமுன் அப்பொருளை அறிந்திருக்க வேண்டும். அதன் தரத்தை மட்டுமன்றி, அதன் வரலாற்றையும்.

பட்டும் சரிகையும்

முதலில் சேலையைப் பார்ப்போம். பழைய காஞ்சிபுரப் பட்டின் சிறப்பு அதன் இணைப்பிலே இருக்கின்றது. உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் நெய்யப்பட்டு, தறியிலேயே ஊடை நூலால் ஒன்றோடொன்று பின்னப்படும். இதற்குக் கோர்வை என்று பெயர். சேலை நைந்தாலும் கரை பிரிந்து வராமைக்குக் காரணம் இதுவே. அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. ஓரத்தில் ஓர் இழையை மெல்லச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். வெள்ளை நூலோ பிளாஸ்ரிக் இழையோ தெரிந்தால் அது போலிச் சரிகை. பட்டா என்று அறிய, முந்தானை நுனியிலிருந்து ஒரே ஓர் இழையை எடுத்து எரித்துப் பாருங்கள். பட்டாயின் தலைமயிர் எரியும் மணம் வரும். சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை நூலாயின் உருகித் திரளும்.

தமிழ்நாட்டில் பழைய பட்டுச்சேலைகளை நிறைக்கு வாங்கும் வியாபாரிகள் உண்டு. சரிகையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே அவர்கள் வாங்குகின்றனர். ஓர் அம்மா ஒருநாள் உடுத்து நின்ற கூறை அங்கே வெறும் உலோகமாகிவிடுகின்றது. அதைவிட நைந்த சேலையின் கரையை வெட்டியெடுத்துப் பேத்தியின் பாவாடைக்கு வைத்துத் தைப்பது மேலானது. இன்று உடுக்கக்கூடிய நிலையில் உள்ள சேலையை அலுமாரியில் வைக்கும்போது, பாச்சை உருண்டைகளைச் சரிகையிற் படும்படி போடலாகாது, சரிகை கறுக்கும். துவைத்த பருத்தித் துணியிற் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் பட்டு மடிப்பிலேயே அறும்.

அடுக்களைப் பொருட்கள்

அடுக்களைக்கு வருவோம். பித்தளை, செம்புப் பாத்திரங்களை வாங்குவோர் முதலில் உட்புறத்தைப் பார்த்தல் வேண்டும். ஊரில் இப்பாத்திரங்களுக்குக் காலத்துக்குக் காலம் வெள்ளீயம் பூசுவிப்பர். பூச்சுத் தேய்ந்த பாத்திரத்தில் புளி, தேசிக்காய், தயிர், ரசம் ஆகியவற்றை வைத்தால் உலோகம் உணவிற் கரையும். அத்தகைய பாத்திரத்தைப் பூ வைக்கவும் நீர் நிறைத்து மலர் மிதக்கவிடவும் பயன்படுத்தலாம், சமைத்தல் கூடாது. பழைய பீங்கான்களின் வர்ணப் பூச்சிலும் ஈயம் கலந்திருக்கக்கூடும். விரிசல் கண்ட வர்ணக் கோப்பையை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையை மினுக்கக் கடைத் திரவம் தேவையில்லை. பழம்புளியும் உப்பும் போதும். கழுவியவுடன் துணியால் ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும்.

புட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி, சுளகு, கடகம், கொட்டைப்பெட்டி முதலிய பனையோலைப் பொருட்களையும், மரத்தாலான இடியப்ப உரலையும் ஊருக்குப் போய் வருவோர் கொண்டுவர விரும்புவர். அவுஸ்திரேலிய விமான நிலையத்தில் நிரப்பும் பயணி அட்டையில் இவற்றை மறைக்காது குறிப்பிடுதல் அவசியம். ஓலையும் மரமும் தாவரப் பொருட்கள். துப்புரவாகவும் விதை, மரப்பட்டை, பூச்சி ஆகியன இன்றியும் இருந்தால் பெரும்பாலும் பரிசோதித்த பின் தந்துவிடுவர். சொல்லாமல் கொண்டுவந்து அகப்பட்டால் பொருளும் போகும், தண்டமும் கட்ட நேரும். விசா விண்ணப்பம் முடிவாகாத நிலையில் உள்ளோர் இதில் இரட்டிப்புக் கவனம் எடுத்தல் நன்று.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நூறாண்டு கடந்த தொல்பொருட்களை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதை இந்தியாவில் 1972 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. இலங்கையிலும் தொல்பொருள் ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டும். போர்க் காலத்தில் ஆளில்லா வீடுகளின் கதவுகளும் நிலைகளும் கழற்றிச் செல்லப்பட்டதை எம்மவர் அறிவர். ஆகவே செதுக்கு வேலைப்பாடுள்ள பழைய கதவோ தூணோ விலைக்கு வந்தால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையாயின் விட்டுவிடுங்கள்.

மூக்குப்பேணி சொல்லும் செய்தி

யாழ்ப்பாணத்துப் பழம்பொருட்களுள் இன்று பலரும் விரும்பித் தேடுவது மூக்குப்பேணி. வாய் அகன்று, பக்கத்தில் சிறு மூக்கு வைத்த பித்தளைப் பேணி அது. உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதற்காக அந்த மூக்கு. பார்க்க அழகானது, கைக்கும் இதமானது. மேசையில் இரண்டை வைத்தாற் போதும், பார்ப்பவர் 'இது எங்கள் வீட்டில் இருந்தது' என்று பேச்சைத் தொடங்குவர்.

ஆனால் எல்லோர் வீட்டு முற்றத்திலும் எல்லோருக்கும் மூக்குப்பேணி நீட்டப்படவில்லை. சாதியிற் குறைந்தவர் என்று ஒதுக்கப்பட்டோருக்குச் சிரட்டையிலும், தேநீர்க் கடைகளில் தனியாக வைத்த போத்தலிலும் பேணியிலுமே கொடுக்கப்பட்டது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும் அவ்வழக்கம் உடனே ஒழியவில்லை. தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தடியடியைச் சந்தித்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசம் மறுக்கப்பட்டது. ஒரு பேணித் தேநீருக்காகவும் ஒரு வாசற்படிக்காகவும் மனிதர்கள் அடிபட்டனர்; சிலர் உயிரையும் கொடுத்தனர். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் அந்த வாழ்வையே பேசுகின்றது.

இன்று சிட்னித் தேநீர்ச்சாலைகளில் மினுக்கிய சிரட்டையில் பழக்கலவை பரிமாறுகின்றார்கள். ஊரிலும் ஒடியற் கூழைச் சிரட்டையிலோ ஓலைப் பிளாவிலோ ஊற்றி, பலாவிலையைக் கோலிக் குடித்தால்தான் ருசி என்பர். அதே சிரட்டைதான். தானே விரும்பி எடுத்தால் அது ருசி. உனக்கு இதிலேதான் என்று நீட்டினால் அது அவமானம். வேறுபாடு சிரட்டையில் இல்லை. நீட்டிய கையில் இருந்தது.

இதனைச் சொல்வதால் மூக்குப்பேணியை வாங்காதீர்கள் என்பது பொருளன்று. வாங்குங்கள். வீட்டுக்கு வரும் எல்லோருக்கும் அதிலேயே கொடுங்கள். பிள்ளை 'ஏன் இதற்கு மூக்கு?' என்று கேட்டால் அழகை மட்டும் சொல்லி நிறுத்தாமல், முழுவதையும் சொல்லுங்கள். பாதிக் கதையோடு கைமாறும் பழம்பொருள் வெறும் அலங்காரமாகவே இருக்கும்.

விருந்துக்குச் சில யோசனைகள்

பழம்பொருட்களைக் கொண்டு விருந்து வைப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரே தொகுதியாகப் பாத்திரம் வாங்க முயலாதீர்கள். ஒப் ஷொப்பில் ஒன்று இரண்டாகக் கிடைக்கும் வெவ்வேறு பீங்கான் தட்டுகளை ஒரே நிறத்துக்குள் தெரிந்தெடுத்தால் மேசை நிறைவாகத் தோன்றும். நடுவில் வாழையிலைத் துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் பித்தளைத் தாம்பாளத்தில் பலகாரத்தை அடுக்கலாம். பயற்றம் பணியாரமும் முறுக்கும் எவர்சில்வர் தட்டைவிடப் பித்தளையில் எடுப்பாகத் தெரியும். பழைய பருத்திச் சேலை மேசைவிரிப்பாகும்.

தைப்பொங்கல் இந்த நாட்டில் கோடை உச்சத்தில் வருவதை மறக்கலாகாது. முற்றத்தில் விறகடுப்பு மூட்டிப் பழைய பானையிற் பொங்க விரும்புவோர், அன்று முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்டிருக்கின்றதா என்று முதல்நாளே அறிந்துகொள்ள வேண்டும். தடை இருந்தால் விறகடுப்பு மூட்டுதல் குற்றம். அன்று அடுக்களை அடுப்பிலேயே பொங்கி, பானையை முற்றத்துக் கோலத்தின் நடுவே கொண்டுவந்து படையுங்கள்.

தற்காலிக விசாவில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாறிக்கொண்டிருப்போருக்குப் பெரிய குத்துவிளக்கும் தளபாடமும் சுமை. அவர்களுக்கு ஒரு சிறு செம்பு போதும். காலையில் நீர் அருந்த, மாலையில் ஒரு பூ வைக்க, வெள்ளிக்கிழமை நிறைகுடமாக வைக்க அது உதவும். நாளை வீடு மாறினாலும் பையின் மூலையில் அடங்கும்.

வசதி பெற்ற குடும்பங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பாவிக்காமல் கிடக்கும் இரண்டாவது இடியப்ப உரலையும் மூன்றாவது குத்துவிளக்கையும் காட்சிக்கு அடுக்கி வைப்பதிலும் பார்க்க, புதிதாக வந்த ஒரு குடும்பத்தைச் சாப்பாட்டுக்கு அழைத்து, திரும்பும்போது கையிற் கொடுத்துவிடுங்கள். அந்த வீட்டில் இன்னும் முப்பது ஆண்டு அது புழங்கினால், அங்கே பிறக்கும் பிள்ளைக்கு அதுவே அம்மம்மாவின் விளக்காக இருக்கும்.