ரத்தக் கழிச்சலுக்குக் குடற்புழு மருந்து கொடுக்காதீர்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளில் ஒரே புலம்பல்தான். மூன்று, நான்கு வாரக் குஞ்சுகள் இறகைத் தொங்கவிட்டு மூலையில் ஒடுங்கும். கொண்டை வெளுக்கும். எச்சத்தில் ரத்தம் தெரியும். உடனே பண்ணைக்காரர் மருந்துக்கடைக்கு வண்டியை எடுக்கிறார். “வயித்துல பூச்சிங்க” என்று சொல்லி ஒரு குடற்புழு மருந்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். அதை நம்பி நாட்களைக் கடத்திவிட்டுச் செத்த குஞ்சுகளைச் சாக்கில் அள்ளுகிறார்கள். வருடா வருடம் இதே தவறு நடக்கிறது.

ரத்தக் கழிச்சல் புழுவால் வருவதில்லை. ஐமீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் வருகிறது. கோழிக்கு வருவதில் ஏழு இனங்கள் உண்டு. அவற்றில் ‘டெனெல்லா’ என்ற இனம் குருட்டுக்குடலைத் தாக்கும். இறந்த குஞ்சை அறுத்தால் இரண்டு குருட்டுக்குடலும் ரத்தம் நிறைந்து வீங்கிக் கிடக்கும். குடற்புழு மருந்தான அல்பெண்டசோல் இந்த ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது. அரசு முகாமில் போடும் கோழிக்கழிச்சல் தடுப்பூசியும் இதற்கானதல்ல. அது வெள்ளைக் கழிச்சலான ராணிக்கெட்டுக்கு மட்டுமே. “ஊசி போட்டாச்சு” என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

எச்சத்தில் வெளியேறும் ஐமீரியாவின் முட்டைக்கூடு, ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஓரிரு நாளில் நோயைப் பரப்பத் தயாராகிவிடும். வழக்கமான கிருமிநாசினி அந்தக் கூட்டைத் துளைக்காது. நம் பக்கம் ஆழ்கூளமாகப் போடும் தேங்காய் நார்த்தூள் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீர் நிப்பிள் ஒழுகும் இடத்தில் கூளம் கட்டி பிடித்திருந்தால் நோய் அங்கேதான் பெருகுகிறது. கட்டியை அள்ளி வெளியே போடுங்கள், ஒழுகலை அன்றைக்கே சரிசெய்யுங்கள், மீதிக் கூளத்தைக் கிளறிவிடுங்கள். காசில்லாமல் செய்யக்கூடிய முதல் தடுப்பு இதுதான்.

இரண்டாவது தடுப்பு, வீரியம் குறைத்த ஒட்டுண்ணியையே மருந்தாகக் கொடுப்பது. 1975இல் ஜெஃபர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு வழி காட்டினார். எச்சத்தில் முதலில் வெளிவரும் முட்டைக்கூடுகளை மட்டும் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாகக் கோழியில் வளர்த்தார். குடலுக்குள் சீக்கிரமே வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் வகை கிடைத்தது. அது குறைவாகவே பெருகும், குடலைக் குறைவாகவே புண்ணாக்கும், ஆனால் எதிர்ப்புச் சக்தியைக் கொடுத்துவிடும். 1989இல் ‘பாராகாக்ஸ்’ தடுப்பு மருந்து இந்த முறையில் விற்பனைக்கு வந்தது.

இந்தத் தடுப்பு மருந்தில் இருப்பது உயிருள்ள ஒட்டுண்ணி. நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். முதல் வாரத்தில் தடுப்பு மருந்தைக் கொடுத்துவிட்டு, சாலினோமைசின், மதுராமைசின் போன்ற ரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து கலந்த தீவனத்தைப் போடுகிறார்கள். பாலுக்கு உறை ஊற்றிவிட்டு அதையே அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைக்கிற வேலை இது. குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்தாலும் மருந்து செத்துவிடும். 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். தடுப்பு மருந்து கொடுத்த மூன்று வாரத்துக்குள் கூளத்தை முழுதாக மாற்றவும் கூடாது. குஞ்சு எச்சமிட்டு, அதையே மீண்டும் கொத்தினால்தான் எதிர்ப்புச் சக்தி முழுமையாகும்.

அதனால்தான் சொல்கிறேன்: குஞ்சு இறங்கும் முன் தீவன மூட்டையின் லேபிளைப் படியுங்கள். சாலினோமைசின் கலந்த தீவனத்தை மிச்சமிருக்கிறது என்று வான்கோழிக்கோ குதிரைக்கோ போடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

நோய் வந்துவிட்டால் என்ன செய்வது? நோயுற்ற குஞ்சு இரண்டு, மூன்றை உயிரோடு எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அப்போது இறந்ததை ஐஸில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். பல இடங்களில் எடுத்த புது எச்சத்தை உறையில் கட்டுங்கள். ஒரு தாளில் குஞ்சின் வயது, மொத்த எண்ணிக்கை, தினசரி இறப்பு, தீவனத்தின் பெயரும் பேட்ச் எண்ணும், இதுவரை கொடுத்த மருந்துகள் ஆகியவற்றை எழுதுங்கள். இவற்றோடு அருகிலுள்ள கால்நடை மருந்தகம், மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு, கோவை சரவணம்பட்டியிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி ஆராய்ச்சி மையம், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் எது பக்கமோ அங்கே போங்கள். “ரத்தக் கழிச்சல்தான், மருந்து வாங்கிக்குங்க” என்று வாயால் சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். விடாதீர்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கையெழுத்து, முத்திரையோடு எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டுக்கும், ஒப்பந்த நிறுவனத்தோடு கணக்குப் பேசவும், வழக்குக்கும் அந்தத் தாள்தான் ஆதாரம். அதை எழுதித் தருவது அவர்கள் வேலை.

மருந்தை மருத்துவர் சீட்டின்படி கொடுங்கள். இந்நோய்க்கான ஆம்ப்ரோலியம் மருந்தைக் கொடுக்கும் நாட்களில் பி1 வைட்டமின் டானிக் வேண்டாம். மருந்தின் வேலையை அது கெடுக்கும். மருந்தை நிறுத்திய பின் எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்பது லேபிளில் இருக்க வேண்டும். அப்படி எதுவும் குறிப்பிடப்படாத மருந்துக்கு, 2012ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிக்கைப்படி இறைச்சிக் கோழிக்குக் குறைந்தது 28 நாள், முட்டைக்கு 7 நாள். 35ஆம் நாள் மருந்து கொடுத்துவிட்டு 40ஆம் நாள் லோடு ஏற்றினால், மருந்தின் மிச்சத்தைச் சாப்பிடுவது நம் பிள்ளைகள்தான்.

தடுப்பு மருந்தோ தீவனமோ போலி என்று சந்தேகம் வந்தால் பாட்டிலையும், மூட்டை லேபிளையும், பில்லையும் தூக்கி எறியாதீர்கள். மருந்தென்றால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்தில் பேட்ச் எண்ணோடு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை இரண்டு ஆண்டுக்குள் அணுக வேண்டும். வாங்கியதற்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பிழைப்புக்காகச் சொந்த உழைப்பில் பண்ணை நடத்துபவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே. ஆலோசனைக்கு நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.

பில் இல்லாமல் வாங்கியவர் ஆணையத்தில் தன் புகாரை நிரூபிப்பது கடினம். அடுத்த பேட்ச் குஞ்சு இறங்குவதற்குள் மருந்து பில், தீவன லேபிள், பரிசோதனை அறிக்கை மூன்றையும் போட்டு வைக்க ஒரு கோப்பைத் தொடங்கிவிடுங்கள்.