டாக்டரைப் பார்த்தால் விசா போய்விடுமா? பிரிட்டனில் படிக்கும் நம் மாணவர்களின் மனநலம்

போன எபிசோடில் பார்ட் டைம் வேலை பற்றிப் பேசினோம். அதற்குப் பிறகு வந்த வாய்ஸ் மெசேஜ்களில் ஒரே கேள்வி வேறு வேறு குரல்களில் திரும்பத் திரும்ப வந்தது. "தூக்கம் வரல, கிளாசுக்குப் போகவே பிடிக்கல. ஆனா டாக்டரைப் பார்த்தா ரெக்கார்டுல ஏறிடும், விசாவுக்குப் பிரச்சினை ஆயிடும்னு ரூம்ல சொல்றாங்க. நிஜமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இல்லை. இனி விவரத்துக்கு வருவோம். நான் மருத்துவர் கிடையாது. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்துப் பேசுகிறேன்.

ஸ்டூடன்ட் விசாவில் உங்களுக்கு ஸ்பான்சர் உங்கள் பல்கலைக்கழகம்தான். அது ஹோம் ஆபீசுக்குச் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். மாணவர் வந்து சேரவில்லை, படிப்பில் கலந்துகொள்ளவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார், இந்த மாதிரி. "கவுன்சிலரைப் பார்த்தார்", "மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார்" என்பதெல்லாம் அதில் வராது. கவுன்சிலரிடம் நீங்கள் பேசுவது உங்கள் பேராசிரியருக்கோ அப்பா அம்மாவுக்கோ போகாது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று அவர் நினைத்தால் மட்டும் அந்த ரகசியம் தளரும். அதை முதல் சந்திப்பிலேயே அவர் உங்களிடம் சொல்லிவிடுவார்.

இப்போது அதன் மறுபக்கத்தைப் பாருங்க. விசாவுக்குப் பயந்து யாரிடமும் சொல்லாமல் ரூமிலேயே படுத்திருக்கும் பையனுக்கு என்ன ஆகிறது? வருகைப்பதிவு குறைகிறது. மெயிலுக்குப் பதில் இல்லை. கடைசியில் "படிப்பில் கலந்துகொள்ளவில்லை" என்ற கணக்கில் அவன் வந்துவிடுகிறான். ஹோம் ஆபீசுக்குப் போகிற விஷயம் அதுதான். எதற்குப் பயந்து மறைத்தானோ, மறைத்ததாலேயே அது வந்து நிற்கிறது.

சரி, இந்த நிலைமை ஏன் வருகிறது? 'மன உறுதி இல்லை' என்று ஊரில் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1955-ல் ஸ்வெர்ரே லிஸ்கோர் என்ற நார்வே ஆய்வாளர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்த 200 நார்வேக்காரர்களிடம் பேசினார். 6 மாதத்துக்குள் திரும்பியவர்களும், 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் ஓரளவு நன்றாகப் பொருந்தியிருந்தார்கள். நடுவில் இருந்தவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். எல்லோருக்கும் இப்படியே நடக்காது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் நம் பிள்ளைகள் இங்கே வருவது பெரும்பாலும் ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு. செப்டம்பரில் வந்து இறங்கினால் அடுத்த செப்டம்பரில் படிப்பு முடிந்தே விடுகிறது. தடுமாற்றம் ஆரம்பிக்கும், அது தெளிவதற்குள் படிப்பே முடிந்துவிடும்.

அதிலும் முதல் பருவம் எப்படி விழுகிறது பாருங்க. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். டிசம்பரில் லண்டனில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ராத்திரி. முதல் அசைன்மென்ட்களும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். இந்தியாவுக்கும் இங்கேக்கும் அப்போது ஐந்தரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவு ஒன்பது மணிக்கு யாரிடமாவது பேச வேண்டும் போல் இருந்தால், மதுரையில் மணி இரண்டரை. அம்மாவை எழுப்ப மனசு வராது. மனசு கனக்கிற நேரமும் வீடு தூங்குகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகிறது.

அதற்கு மேல் கடன். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டு வந்த பிள்ளையிடம் "கஷ்டமா இருந்தா திரும்பி வந்துடு" என்று சொன்னால், அது அவன் காதில் ஆறுதலாக விழாது. பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வந்து, ஃபோனில் வாடகைக் கணக்குப் பார்த்துக்கொண்டு தூங்குகிறவனிடம் போய் 'தியானம் பண்ணு' என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பணம்தான் நெருக்கடி என்றால் பல்கலைக்கழகத்தின் ஹார்ட்ஷிப் ஃபண்ட் பற்றிக் கேளுங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கும் அதைத் தருகிற இடங்கள் உண்டு.

இனி டாக்டர் விஷயம். விசா போடும்போதே வருடத்துக்கு 776 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் கட்டியிருக்கிறீர்கள். அது என்.எச்.எஸ். மருத்துவத்துக்கான பணம். உங்கள் பகுதியில் இருக்கும் ஜி.பி. என்கிற குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ள தனியாகக் காசு இல்லை. உடம்பு நன்றாக இருக்கும்போதே, வந்த முதல் வாரத்தில் பதிந்துவிடுங்கள்.

அங்கே போனதும் நம் ஆட்கள் சொல்வது என்ன தெரியுமா? "தலைவலி." அதோடு நிறுத்திவிடுவார்கள். பொய் இல்லைதான், நமக்கு மனசு சரியில்லை என்றால் உடம்புதான் முதலில் பேசும். ஆனால் அந்தச் சந்திப்பு பெரும்பாலும் பத்து நிமிடம். தலைவலி என்றால் பாராசிட்டமாலோடு முடிந்துவிடும். எனவே முதல் வாக்கியத்திலேயே எத்தனை வாரமாக, எது முடியவில்லை என்று சொல்லுங்கள். "மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை, வகுப்புக்குப் போக முடியவில்லை, அழுகை வருகிறது." இப்படிச் சொன்னால் ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளை நீட்டுவார்கள். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று கேட்கும் தாள் அது, பரீட்சை இல்லை. ஆங்கிலத்தில் சொல்ல வராது என்றால், பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. இங்கிலாந்தில் டாக்டரிடம் போகாமல் நீங்களே நேரடியாக என்.எச்.எஸ். டாக்கிங் தெரபீஸ் சேவைக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் காத்திருப்பு இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதில் படிப்புக்கும் ஒரு லாபம் உண்டு. உடல்நிலையோ மனநிலையோ சரியில்லாமல் அசைன்மென்ட் கொடுக்க முடியவில்லை என்றால், பல்கலைக்கழகத்தில் அதற்கென்று விண்ணப்பம் இருக்கிறது. மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ் என்பார்கள், சில இடத்தில் எக்ஸ்டென்யூவேட்டிங் என்பார்கள். கடைசித் தேதிக்கு முன்போ, அது முடிந்த சில நாட்களுக்குள்ளோ போட வேண்டும். சான்றாக டாக்டர் கடிதமோ கவுன்சிலர் கடிதமோ கேட்பார்கள். ரிசல்ட் வந்த பிறகு "அப்போ எனக்கு உடம்பு சரியில்லை" என்று வந்து நிற்பவர்களுக்குச் செய்வதற்கு எங்களிடம் அதிகம் இருக்காது. நவம்பரில் டாக்டரைப் பார்த்திருந்தால் ஜனவரியில் காட்ட ஒரு கடிதம் இருந்திருக்கும்.

கொஞ்ச நாள் ஊருக்குப் போய் வரலாமா என்றும் கேட்கிறார்கள். போகலாம். ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட் அட்வைசரிடம் பேசுங்கள். இடைவெளி 60 நாளைத் தாண்டினால் பொதுவாக ஸ்பான்சர்ஷிப் நிற்கும், திரும்பி வர புது விசா போட வேண்டியிருக்கும். சிலருக்கு அதுவே சரியான முடிவாகவும் இருக்கலாம். தெரிந்து எடுங்கள், அவ்வளவுதான்.

ரூம்மேட்களுக்கு ஒரு வார்த்தை. கூட இருப்பவர் சமைப்பதை நிறுத்திவிட்டார், பொருட்களை எல்லாருக்கும் கொடுக்கிறார், "நான் இல்லைன்னா நல்லது" என்கிறார் என்றால், நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது போல் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். கேட்டால்தான் அவர் வாய் திறப்பார். பதில் 'ஆமா' என்றால் தனியாக விடாதீர்கள். உடனடி ஆபத்து என்றால் 999. இங்கிலாந்தில் 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்தினால் மனநலக் குழுவுடன் பேசலாம். சமாரிட்டன்ஸ் எண் 116 123, இரவு பகல் எந்த நேரமும், இலவசம்.

ஊரிலிருந்து கேட்கும் அப்பா அம்மாக்களுக்கும் ஒன்று. "சாப்பிட்டியா?" என்று கேட்கிறீர்கள். அது நம் அன்பு, விட வேண்டாம். ஆனால் அதற்கு "சாப்பிட்டேன்மா" என்ற ஒரு வார்த்தையோடு பிள்ளை தப்பித்துவிடலாம். "யாரோட சாப்பிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். நாலு நாள் தொடர்ந்து "தனியாத்தான்" என்று வந்தால் கொஞ்சம் நின்று பேசுங்கள், கடன் பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள். எப்படிப் பேசுவது என்று உங்களுக்கே குழப்பமாக இருந்தால் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். அது இந்திய அரசின் இலவச எண்.

அடுத்த எபிசோடில் வாடகை ஒப்பந்தமும் டெபாசிட்டும். கேள்விகள் இருந்தால் வாய்ஸ் மெசேஜாகவே அனுப்புங்க, பெயர் சொல்ல வேண்டியதில்லை.