நீராவி இல்லாத நீராவி எஞ்சின்

மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் பாதையில் கோவில்பட்டி ஒரு முக்கியமான நிலையம். அந்நாளில் அது மீட்டர் பாதை. கரும்புகையைக் கக்கிக்கொண்டு வரும் எஞ்சினின் ஓசையைக் கேட்டே நேரம் சொன்னவர்கள் கரிசல் கிராமங்களில் உண்டு என்று என் தந்தையார் கூறுவார். இன்று அது அகலப் பாதை. மின்சார எஞ்சின்கள் ஓடுகின்றன. இப்பகுதி மாணவர்களில் பெரும்பாலோர் நீராவி எஞ்சினைப் படத்தில்தான் கண்டிருக்கிறார்கள்.

எங்கள் கல்லூரி அறிவியல் கண்காட்சிக்காக நண்பர் ஒருவரிடமிருந்து இரண்டு மாதிரி நீராவி எஞ்சின்களை இரவல் வாங்கி வந்தேன். மேசைமீது வட்டமாகத் தண்டவாளம் அமைத்து இரண்டையும் அதில் நிறுத்தினோம். ஒன்று ‘குப் குப்’ என்று ஓசையெழுப்பியபடி மெல்ல நகர்ந்தது. மற்றது அசையாமல் நின்று சீட்டி மட்டும் அடித்தது. புதூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: “சார், இரண்டுக்கும் ஒரே தண்டவாளம், ஒரே மின்சாரம். ஒன்று ஓடும்போது மற்றது மட்டும் எப்படி நிற்கிறது?”

நான் விடை சொல்ல வாயெடுப்பதற்குள் ஓடிய எஞ்சினும் நின்றுவிட்டது! மாணவர்கள் சிரித்தார்கள். சன்னல் வழியே வந்த கரிசல் தூசி தண்டவாளத்தில் படிந்திருந்தது. துணியால் துடைத்த பிறகு எஞ்சின் மீண்டும் ஓடியது. அவளுடைய கேள்விக்கும் இந்தத் தூசிக்கும் தொடர்பு உண்டு. அதைப் பார்ப்போம்.

பழைய முறை

மாதிரி எஞ்சினுக்குள் கொதிகலன் இல்லை. சிறிய மின் மோட்டார்தான் இருக்கிறது. பழைய முறையில் இரு தண்டவாளங்களுக்கும் நேர்மின்னோட்டம் கொடுப்பார்கள். மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். முனைகளை மாற்றினால் எஞ்சின் பின்னோக்கி ஓடும். இம்முறையில் ஒரே பாதையில் நிற்கும் எஞ்சின்கள் அனைத்தும் ஒன்றாகவே ஓடும். ஒன்றை மட்டும் நிறுத்த வேண்டுமானால் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஸ்விட்ச் வைக்க வேண்டும்.

மின்சாரத்தில் ஏறிவரும் ஆணை

இந்தத் தொல்லையை எண்முறைக் கட்டுப்பாடு, அதாவது டிஜிட்டல் முறை, நீக்கியது. ஜெர்மனியில் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் பொதுத் தரம் ஒன்றை வகுத்தது. அதனால் ஒரு நிறுவனத்தின் எஞ்சினை வேறொரு நிறுவனத்தின் கருவியாலும் இயக்க முடிகிறது.

இம்முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தமும் இருக்கும். ஆனால் அதன் திசை இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கும். செய்தி இருப்பது இந்த மாற்றத்தின் கால அளவில்தான். ஒரு திசையில் 58 மைக்ரோ விநாடி, எதிர்த்திசையில் 58 மைக்ரோ விநாடி இருந்தால் அது ‘1’. ஒவ்வொரு பக்கமும் 100 மைக்ரோ விநாடி அளவுக்கு நீண்டால் அது ‘0’. ஆக, எஞ்சினை ஓட்டும் மின்சாரமே ஆணையையும் சுமந்து செல்கிறது.

ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்னும் குறிவிலக்கி உண்டு. அதற்கென ஓர் எண் உண்டு. 3 என்ற எண்ணுள்ள எஞ்சினுக்கு அனுப்பும் ஆணையைப் பாருங்கள். முதலில் ‘கவனி’ என்பதுபோல் குறைந்தது பதினான்கு 1-கள் வரும். அடுத்து முகவரி: 00000011. இது இரும எண்ணில் 3. பிறகு ஆணை: 01101000. ‘முன்னோக்கி, இன்ன வேகத்தில் செல்’ என்பது இதன் பொருள். கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண்: 01101011. இடையிடையே பிரிப்புக்காக ஒவ்வொரு 0, முடிவில் ஒரு 1. மொத்தம் 42 குறிகள். இது முழுவதும் செல்ல ஏறக்குறைய 6 மில்லி விநாடி போதும். ஒரு விநாடியில் நூற்றைம்பது ஆணைகளுக்குமேல் அனுப்பலாம்! எல்லா எஞ்சின்களும் எல்லா ஆணைகளையும் கேட்கின்றன. ஆனால் தன் எண்ணுக்கு வந்ததற்கு மட்டுமே ஒவ்வொன்றும் பணிகிறது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது பெயர் அழைக்கப்பட்டவர் மட்டும் எழுவது போல.

தூசிக்கு மாற்று

சரிபார்ப்பு எண் எப்படி வந்தது? முகவரியையும் ஆணையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மேலும் கீழும் ஒரே இலக்கம் இருந்தால் 0, வேறுபட்டால் 1 என எழுதுங்கள். அதே எண் கிடைக்கும். எஞ்சினும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. தூசியால் தொடர்பு ஒரு கணம் அறுந்து ஒரே ஒரு குறி மாறினாலும் விடை ஒத்துவராது. அந்த ஆணையை எஞ்சின் ஒதுக்கிவிடும். ஆணைகள் திரும்பத் திரும்ப அனுப்பப்படுவதால் அடுத்தது சரியாக வந்து சேரும். தவறான ஆணைக்குப் பணிவதைவிடச் சற்றுப் பொறுத்திருப்பதே மேல் என்பது இதன் கொள்கை.

ஆனால் தூசி செய்தியை மட்டுமல்ல, மின்சாரத்தையும் தடுக்கிறது. சில எஞ்சின்களில் மின்தேக்கி ஒன்றை வைத்திருப்பார்கள்; சிறு தடைகளை அது தாண்டச் செய்யும். எங்கள் எஞ்சினில் அது இல்லை. கரிசல் வென்றது!

சிறிதானதால் இழந்தவை

பெருவழக்கிலுள்ள மாதிரிகள் 87-இல் ஒரு பங்கு அளவுடையவை. நீளம் 87 மடங்கு குறைந்தால் கனஅளவு 87 × 87 × 87, அதாவது 6,58,503 மடங்கு குறையும். 50 டன் எடையுள்ள எஞ்சினை அதே பொருள்களால் அப்படியே சிறிதாக்கினால் எடை 76 கிராம்தான். இவ்வளவு குறைந்த எடைக்குத் தண்டவாளத்தில் பிடிப்பும் குறைவு. பெட்டிகளை இழுக்கையில் சக்கரம் வழுக்கும். அதனால் உள்ளே உலோகக் கட்டிகளை வைத்து எடை கூட்டுகிறார்கள்.

மற்றோர் இழப்பு நிலைமம். உண்மையான ரயில், பிரேக் போட்டபின்னும் நெடுந்தூரம் ஓடித்தான் நிற்கும். மாதிரியோ பொம்மைபோல் சட்டென நின்றுவிடும். இங்கே டிகோடர் உதவுகிறது. ‘நில்’ என்ற ஆணை வந்ததும் அது வேகத்தைப் படிப்படியாகவே குறைக்கிறது. பொருளில் இல்லாத நிலைமத்தை எண்களால் ஈடுசெய்கிறது!

மேட்டில் வேகம் குறையாமலிருக்கவும் வழியுண்டு. டிகோடர் மோட்டாருக்கு மின்சாரத்தை நறுக்கி நறுக்கித் தருகிறது. நிறுத்தும் ஒவ்வொரு கணத்திலும், சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் ஒரு சிறு மின்னாக்கியாகிறது. அது தரும் மின்னழுத்தம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதை அளந்து, வேகம் குறைந்திருந்தால் டிகோடர் கூடுதல் மின்சாரம் கொடுக்கிறது.

‘குப் குப்’ ஓசைக்கும் கணக்கு உண்டு. இரண்டு உருளைகள் கொண்ட நீராவி எஞ்சினில் பிஸ்டனின் இருபுறமும் நீராவி மாறி மாறித் தள்ளுவதால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது நான்கு முறை நீராவி வெளியேறும். பதிவுசெய்து வைத்த ஓசையைச் சக்கரத்தின் சுழற்சிக்கு ஏற்ப நான்கு முறை ஒலிக்கச் செய்கிறார்கள்.

நீராவி இன்னும் இருக்கிறது

நம் நாட்டு ரயில்களுக்காகச் சித்தரஞ்சன் ஆலை தன் கடைசி நீராவி எஞ்சினை 1972-இல் செய்து முடித்தது. எனினும், 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமான நீலகிரி மலைப் பாதையில், மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை ரயிலை இன்றும் நீராவி எஞ்சின் தள்ளிச் செல்கிறது. அதற்கெனப் புதிய நீராவி எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைத் தொழிற்சாலை இந்த நூற்றாண்டிலும் கட்டியிருக்கிறது. மாதிரி ரயில்களைக் காண விரும்புவோருக்குப் புனேயில் 1998 முதல் ஜோஷி சிற்றுருவ ரயில் அருங்காட்சியகம் உள்ளது.

கண்காட்சி முடிந்த மாலை, அந்த மாணவி வேறொரு தாளில் 5 என்ற எண்ணுள்ள எஞ்சினுக்கான ஆணையை எழுதி, சரிபார்ப்பு எண்ணையும் தானே கணக்கிட்டுக் கொண்டுவந்தாள். சரியாக இருந்தது. புதூர் பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள். நீராவி எஞ்சினை அவள் இன்னும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு கம்பிகளில் ஆற்றலும் அறிவிப்பும் சேர்ந்து செல்லும் விதம் அவளுக்குப் புரிந்துவிட்டது. வாசகர்களே, 5-க்கான அந்தச் சரிபார்ப்பு எண்ணை நீங்களும் கண்டுபிடியுங்கள். ஆணை அதே 01101000. ஒரு பென்சிலும் தாளும் போதும்.